சாப்பிட்ட பிறகு எடுத்த அளவு

நிமிர்ந்து நில்லும் பிள்ளை. தோளை இறக்கும். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டா நான் எப்பிடி அளவெடுக்கிறது? கலியாணத்தண்டு முழுக்க மூச்சு விடாமலே நிக்கப் போறீர்? காலமை என்ன சாப்பிட்டனீர்? கோப்பி மட்டுமோ? கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு, இப்பவே பட்டினி தொடங்கியாச்சோ? சரி, இறங்கும். அந்தக் கதிரையில இரும். வெறும் வயித்தோட நிக்கிற ஆக்களுக்கு நான் அளவெடுக்கிறதில்லை. இது என்ர கடைச் சட்டம்.

உள்ளுக்க இடியப்பமும் சொதியும் கிடக்கு. நாலே நாலு இடியப்பம், என்ன வந்திடப் போகுது?

சிரிக்காதேயும். இந்தச் சட்டத்தாலதான் நான் ஒலிம்பிக் வரைக்கும் போய் வந்தனான். ஓம், ரிவியில காட்டுற அதே ஒலிம்பிக்தான், குளிர்காலத்தில நடக்கிறது. போனதும் உண்மை, அங்க வச்சு என்ர தையலில அளவு பிழை எண்டு ஒருத்தி சொன்னதும் உண்மை. நாப்பது வருஷமாத் தைக்கிறன் பிள்ளை. டென்மார்க்கில இந்த ஹேர்னிங் ஊரில எங்கட சனத்துக்குக் கலியாணச் சட்டை முழுக்க நான்தான். டெனிஷ்காரருக்குக் காற்சட்டை வெட்டிக் குடுக்கிறதும் நான்தான். ஒருத்தரும் ஒரு நாளும் அளவு பிழையெண்டு திரும்பி வரேல்லை. நீர் சாப்பிடும், நான் சொல்லுறன். சொன்னாப் பிறகு நீரே சொல்லும், ஆர் பிழையெண்டு.

ரஸ்மூஸ் எண்டு ஒரு பெடியன். எங்கட வீட்டிலயிருந்து நாலு வீடு தள்ளி. எங்கட மூத்தவனோட ஒரே வகுப்பு. என்ர வாயில ராசு எண்டுதான் வரும், அவனும் மாமி எண்டுதான் கூப்பிடுவான், என்ர பிள்ளையளின்ர கூட்டாளியளிட்டப் பழகினது. இவனுக்கு ஏழு வயசில ஒரு ஆசை வந்தது. ஸ்கீ கட்டிப் பறக்கிற விளையாட்டு இருக்கெல்லோ, அதில சேரவேணுமெண்டு. இந்த டென்மார்க்கைப் பாரும். எங்க பாத்தாலும் தட்டை. எங்கட பக்கம் ஏத்தமெண்டா ரயில் பாதைக்கு மேல போற பாலம் ஒண்டுதான். இந்த நாட்டில பிறந்தவனுக்கு மலையால பறக்க ஆசை வந்தா என்ன செய்யிறது? தகப்பன் ஹென்ரிக் வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் பெடியனைக் காரில ஏத்திக் கப்பலில நோர்வேக்குக் கொண்டுபோவார். ஞாயிறு திரும்பி வருவினம். ஒரு கிழமை, ரெண்டு கிழமையில்லை, இருபது வருஷத்துக்கு மேல. தகப்பன்தான் பயிற்சியாளர், தகப்பன்தான் சாரதி, எல்லாம் அவர்தான். எங்கட வீட்டுக்காரர், இவர் சொல்லுவார், அந்த மனிசனுக்குச் சரியான விசரெண்டு. இவர் காத்தாலைக் கொம்பனியில முப்பது வருஷம் ஒரே இறகுக்கு ஒரே வெள்ளைப் பூச்சு அடிச்சவர், அது விசரில்லையாம்.

உமக்கு அந்த விளையாட்டுத் தெரியுமோ? பெரிய சறுக்கு. அண்ணாந்து பாத்தா கழுத்து நோகும். உச்சியில ஒரு கம்பில குந்தியிருப்பினம். பயிற்சியாளர் கொடியைக் கீழ இறக்க, கம்பை விட்டிட்டுச் சறுக்கி வந்து, சறுக்கு முடியிற இடத்தில ஒரு எழும்பு. பிறகு ஆகாயம்தான். நூற்றிருபது மீற்றர், நூற்று முப்பது மீற்றர் பறந்து போய் இறங்குவினம். இறங்கேக்க ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு, கை ரெண்டும் விரிச்சு வடிவா நிக்கவேணும். அதுக்கும் புள்ளி. பாரமான ஆள் தூரம் போகான். அதால அதுகள் எல்லாம் பட்டினி கிடக்கிற பிள்ளையள்.

உடுப்பிலயும் விசயம் இருக்கு. ஸ்பொஞ்சு மாதிரித் தடிச்ச துணி. தொளதொளவெண்டு இருந்தா அதுக்குள்ள காத்துப் பிடிச்சு ஆளைத் தூக்கும், கூடத் தூரம் போகலாம். அது களவாம். அதால உடுப்பு உடம்போட நிக்கவேணும். ஒரு துளி கூடினாலும் பேரை வெட்டிப்போடுவினம், நீர் சந்திரனுக்குப் பறந்திருந்தாலும் சரி. பெரிய நாடுகளுக்கு இதுக்கெண்டே தையல்காரர் இருக்கினம். டென்மார்க்குக்கு ஆர் இருக்கினம்? மலையே இல்லாத நாட்டில அதுக்குத் தையல்காரன் எங்க இருப்பான்?

அப்பிடித்தான் ஒரு கார்த்திகை மாசம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராசு துணிக்கட்டோட என்ர வாசலில வந்து நிக்கிறான். வயசு இருபத்தொன்பது. இதுதான் கடைசி ஒலிம்பிக் எண்டான். முதல்முறை நாப்பத்தோராம் இடம், அடுத்தமுறை முப்பத்தெட்டு. ஐம்பது பேர் பாய்வினமாம், அதில முதல் முப்பது பேருக்குத்தான் ரெண்டாம் பாய்ச்சல். மற்றவை வீட்டை போகவேண்டியதுதான். அவன் தங்கமும் கேக்கேல்லை, வெள்ளியும் கேக்கேல்லை. ஒரேயொருக்கா ஒலிம்பிக்கில ரெண்டாந்தரம் பாயவேணும், அவ்வளவுதான். அதைச் சொல்லேக்க அந்தப் பெடியன்ர முகத்தைப் பாத்திருந்தா நீரும் தைச்சுக் குடுத்திருப்பீர்.

முகமெண்டு சொன்னன், கன்னம் ரெண்டும் உள்ளுக்க போய்க் கிடக்கு. நான் சொன்னன், முதல் சாப்பாடு, பிறகு அளவு. அவன் வேண்டாமெண்டான். எங்கட ஆக்களில ஆர் முதல்தரம் ஓமெண்டு சொல்லியிருக்கினம்? நான் சோறு போட்ட கோப்பையைக் கையில குடுத்தன். திரும்பவும் வேண்டாமெண்டான். சரி, நல்லா வளர்ந்த பெடியன், மரியாதை தெரிஞ்சவன் எண்டு நினைச்சன். மூண்டாந்தரம் வேண்டாமெண்டு சொல்லேக்க குரலே வரேல்லை. அப்ப எனக்கு விளங்கீட்டுது, சரியான பசி. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரிச்ச மிளகாய். மூண்டு கோப்பை, பிள்ளை! குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டான். பிறகு தயிரும் இனிப்புப் பாணியும். பிறகு ஒரு வாழைப்பழம். ஏவறை விட்டிட்டு எழும்பி நிண்டவனை நிக்கவச்சு வடிவா அளவெடுத்தன். நெஞ்சு, இடுப்பு, தொடை, கணுக்கால், எல்லாம் மில்லிமீற்றர் பிசகாமல். ஒருக்காவில்லை, ரெண்டு தரம் எடுத்தனான். இதை ஏன் வடிவாச் சொல்லுறன் எண்டா, பிறகு என்னைக் குறை சொன்னவைக்கு இது ஒண்டும் தெரியாது.

பன்னிரண்டு நாள் தைச்சன். அந்தத் துணி என்ர மெசினில ஏழு ஊசி திண்டது. அதுக்குப் பிறகு ஹென்ரிக் வந்து என்னையும் ஒலிம்பிக்குக்கு வரச் சொல்லிக் கேட்டார். அங்க உடுப்புக் கிழிஞ்சா ஆர் தைக்கிறது? மற்ற நாட்டுக்காரர் லொறி லொறியா வந்து இறங்கினம். டென்மார்க் அணியெண்டு போனது மூண்டு பேர். ராசு, ஹென்ரிக், நான். எனக்குக் கழுத்தில படம் போட்ட அட்டையும் தந்தவை. என்ர பெட்டியில மெசின் பாதி, மீதி அரிசிமா, கருவாடு, கறித்தூள், தேங்காய்ப்பூ. இவர் கேட்டார், நீர் தைக்கப் போறீரோ சமைக்கப் போறீரோ எண்டு.

மலையடிவாரத்தில ஒரு சின்ன வீடு, அதில மூண்டு பேரும். அங்கதான் நான் கண்டன், அதுகள் எப்பிடிச் சீவிக்குதெண்டு. பெடியன் காலமை கண் முழிச்சதும் தகப்பன் தராசில ஏத்துவார். பல்லுத் தீட்ட முதல், தண்ணி குடிக்க முதல். அதுக்குப் பிறகு ஒரு அவிச்ச முட்டையில வெள்ளைக்கரு மட்டும். அப்பிள் ஒண்டை எட்டா வெட்டி, மூண்டு துண்டு சாப்பிட்டிட்டு அஞ்சை மூடி வைப்பான். எனக்குப் பாக்கேலாமல் கிடந்தது. ஆனா தகப்பன் கூடாதவரில்லை. பெடியன் எங்க போனாலும் அவன்ர கையுறையைத் தன்ர சட்டைக்குள்ள வச்சுச் சூடாக்கிக் குடுக்கிற மனிசன். தனக்குத் தெரிஞ்ச மாதிரிப் பாத்தார்.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை பயிற்சி முடிய உடுப்புச் சோதிக்கிற பொம்பிளை ராசுவை உள்ளுக்க கூப்பிட்டா. நெட்டை மனிசி, மூக்கு நுனியில கண்ணாடி. இடுப்பில துணியை ரெண்டு விரலால கிள்ளி இழுத்தா. இழுக்க அது வருகுது. ரெண்டு சென்ரிமீற்றர் கூடவாம். இண்டைக்குப் பயிற்சியெண்டபடியால் சொல்லி விடுறனாம், சனிக்கிழமை இப்பிடி வந்தா பேரை வெட்டுவனாம். பிறகு என்னைப் பாத்து அளவு பிழையெண்டா. என்னைப் பாத்து! எனக்குக் காதெல்லாம் எரிஞ்சுது. தாருங்கோ, பத்து நிமிசத்தில பிடிச்சுத் தாறன் எண்டன். ஏலாதாம். வந்த அண்டே உடுப்புக்கு முத்திரை குத்தியாச்சு, இனி அதில ஊசி படக்கூடாதாம். மற்ற நாட்டுக்காரர் நாலைஞ்சு உடுப்போட வந்தவை. எங்களிட்ட இருந்தது அது ஒண்டுதான்.

வீட்டை வந்தம். ஜக்கெற்றைக் கழட்டிக்கொண்டே ஹென்ரிக் மெதுவாக் கேட்டார், அண்டைக்கு அளவெடுத்தது சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ எண்டு. என்ன கேள்வி? வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பட்டினியா நிக்கவச்சு ஆரும் அளவெடுப்பினமே? பிறகுதான் எண்டன். என்ன சாப்பிட்டவன் எண்டார். சொன்னன், வாழைப்பழம் வரைக்கும் சொன்னன். அந்த மனிசன் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்திட்டார். பாவம், அவருக்கு நெடுக ஒரு தலையிடி இருக்குது.

வழியை ஆர் சொன்னது? நான்தான். உடுப்பை ஒடுக்கேலாதெண்டா ஆளை அகலமாக்குவம் எண்டன். ஹென்ரிக் கடதாசி எடுத்துக் கணக்குப் பாத்தார். ஒரு கிலோ கூடினா ரெண்டு மீற்றர் குறையுமாம். ரெண்டு மீற்றர் குறைஞ்சா முப்பதுக்குள்ள வாறது கஷ்டமாம். சாப்பிடாட்டிப் பேரே இல்லை. அப்ப சாப்பிடத்தானே வேணும்? இதில யோசிக்க என்ன கிடக்கு?

ஆனா ராசு கோப்பையைத் தொடேல்லை பிள்ளை. புட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். அவ்வளவு உயரத்தில குந்தியிருக்கிறவன் ஒரு பிடி புட்டுக்குப் பயப்பிடுறான். நான் பக்கத்தில போய் இருந்தன். அப்பத்தான் சொன்னான்:

"மாமி, பதினொரு வருஷமா நான் வயிறு நிரம்பச் சாப்பிட்டதில்லை. அண்டைக்கு உங்கட வீட்டில மட்டும்தான். அண்டைக்கு ராத்திரி முழுக்க நித்திரை வரேல்லை, செய்யக்கூடாத ஒண்டைச் செய்துபோட்டன் எண்டு."

எனக்குப் பாவமாயிருந்தது. பிறகு சந்தோசமாவும் இருந்தது, பாரும், பதினொரு வருஷத்தில என்ர கைச் சமையல்தான் பிடிச்சிருக்கு. இரும், இன்னும் ரெண்டு இடியப்பம் போடுறன். அட, வேண்டாமெண்டா? சரி, ஒண்டு போடுறன்.

குழைச்சு ஒரு பிடி நானே வாயில தீத்தினன். இருபத்தொன்பது வயசுக்காரனுக்கு! அதுக்குப் பிறகு அவனே சாப்பிட்டான். வியாழன் பின்னேரம் புட்டும் கருவாட்டுக் குழம்பும். உப்புக் கூடினா உடம்பில தண்ணி நிக்கும், அது எனக்குத் தெரியும், என்ர கால் வீங்கிறது அதாலதானே. வெள்ளி காலமை கிழங்குக் கறியும் ரொட்டியும், மத்தியானம் சோறு, பின்னேரம் திரும்பவும் புட்டு. நான் ஊட்ட, ஹென்ரிக் அளக்க. சாப்பாட்டுக்கு ஒருக்கா நாடா பிடிப்பார். அரைச் சென்ரிமீற்றர், ஒண்டு, ஒண்டு கால். ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த மனிசன் ஒரு பெருமூச்சு. நான் பாக்காத மாதிரிப் போட்டுக்கொண்டே இருந்தன். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு சென்ரிமீற்றருக்கு வந்திட்டுது. பெடியன்ர கன்னத்தில ஒரு சிவப்பு வந்திருந்தது, வடிவாயிருந்தான்.

சோதனைக்குப் போனம். அதே நெட்டை மனிசி. கிள்ளி இழுத்தா. வரேல்லை. திரும்ப இழுத்தா. வரேல்லை. குனிஞ்சு கிட்ட வந்தவ மூக்கைச் சுருக்கினா, கருவாட்டு மணம். மணத்துக்குச் சட்டமில்லைத்தானே. தலையை ஆட்டி விட்டிட்டா.

நான் கீழ சனத்துக்குள்ள நிண்டன். ஒவ்வொருத்தரா வருகினம், பறக்கினம். ராசுவின்ர பேர் சொல்ல நான் இடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போனன். உச்சியில ஒரு புள்ளிதான் தெரியுது. ஹென்ரிக் கொடியை இறக்கினார். வந்தான், எழும்பினான், எங்கட தலைக்கு மேலால போனான், உடுப்பு உரசுற சத்தம் கேட்டுது. வடிவா இறங்கினான். நான் கத்தின கத்தில பக்கத்தில நிண்ட யப்பான்காரன் விலகி நிண்டான். ஆனா ஐம்பது பேரும் முடிய பலகையில பாத்தா, முப்பத்தொண்டு. ஒரேயொரு ஆளால போச்சு.

ஹென்ரிக் மேலயிருந்து இறங்கி வந்தார். கணக்குப் பாத்திருப்பார்தானே, அந்த ஒரு கிலோ இல்லாட்டி எத்தினையாம் இடமெண்டு. என்னைப் பாத்தார். ராசு ஸ்கீயைத் தூக்கித் தோளில வச்சிட்டான், வீட்டை போக. இருபத்திரண்டு வருஷம், ஒரு இடத்தால. எனக்கு அழுகை வந்திட்டுது பிள்ளை. நான் இன்னும் ஒரு பிடி குடுத்திருக்கலாம் எண்டு நினைச்சு அழுதன்.

அப்ப ஒலிபெருக்கியில ஒரு அறிவிப்பு. பெரிய நாட்டுக்காரன் ஒருத்தன், பன்னிரண்டாம் இடத்தில நிண்டவன். கீழ சோதிக்கேக்க தொடையில துணி கூடவாம். பேரை வெட்டிப்போட்டினம். அவனுக்குக் கீழ நிண்ட எல்லாரும் ஒரு இடம் மேல ஏறினம். ராசு முப்பது! அந்தப் பெடியன் பாவம்தான். ஆனா ஒரு ஆளை வடிவா அளவெடுக்கத் தெரியாதவை ஏன் தைக்க வருகினம் எண்டு எனக்கு அப்பவே கோவம் வந்தது.

ரெண்டாம் பாய்ச்சல் எப்பிடியெண்டா, முப்பதாவது ஆள்தான் முதலாவதாப் பாயவேணும். ராசு முதலாவதா வந்தான். இந்தமுறை காத்து முன்னாலயிருந்து வந்து அவனைத் தாங்கிப் பிடிச்சுது. இறங்கவே மாட்டனெண்டு நிண்டான் அந்தரத்தில. நூற்றிருபத்தொன்பது மீற்றர். அவன் பிறந்த நாளிலயிருந்து அவ்வளவு தூரம் போனதில்லை. பலகையைப் பாக்கிறன், ஒண்டு, டென்மார்க்! முதலாமிடத்தில நிக்கிற ஆள் நிக்க ஒரு தனி இடம் இருக்கு, அங்க கொண்டுபோய் நிப்பாட்டினம். சுத்திவரக் கமெரா. அடுத்தவன் வந்தான், வெல்லேல்லை. அடுத்தவன், வெல்லேல்லை. மூண்டு பேர் வந்து மூண்டு பேரும் வெல்லேல்லை. அவ்வளவு நேரமும் எங்கட ராசு ஒலிம்பிக்கில முதலாமிடம். மற்றவை அந்த இடத்தில நிண்டு ஸ்கீயைத் தூக்கிக் கொம்பனிப் பேர் காட்டுவினம். இவன் சிரிச்சுக்கொண்டு கமெராவைப் பாத்து வயித்தைத் தடவிக் காட்டினான். இவர் வீட்டிலயிருந்து ரெலிபோன் எடுத்து, உம்மட புட்டை உலகம் முழுக்கக் காட்டுறாங்கள் எண்டு கத்துறார்.

முடிவில இருபத்தேழாம் இடம். பேப்பரில அப்பிடித்தான் கிடக்கு. நான் கண்ணால பாத்தது முதலாமிடம்.

வீட்டை வந்து மிச்சச் சோத்தைச் சூடாக்கினன். ராசு கேக்காமலே கோப்பையை நீட்டினான். ஹென்ரிக்கும் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரெண்டு கரண்டியை நிப்பாட்டிச் சொன்னான்:

"மாமி, மேல கம்பில குந்தியிருக்கேக்க எனக்கு எப்பவும் கால் நடுங்கும். பயமெண்டுதான் இவ்வளவு வருஷமும் நினைச்சன். இண்டைக்கு நடுங்கேல்லை. அது பயமில்லை மாமி. பசி."

ஹென்ரிக் எழும்பினார். ஜக்கெற்றும் போடாமல் வெளியில போய்ப் பனிக்குள்ள நிண்டார். நான் குசினி யன்னலால பாக்கிறன், அந்த மனிசன்ர தோள் குலுங்குது. எனக்குச் சரியான கவலையாப் போச்சு. அவ்வளவு வருஷம் கப்பலேறித் திரிஞ்ச மனிசன், இருபத்தேழாம் இடமெண்டா தாங்குவாரே? ஒரு கோப்பையில சோறும் குழம்பும் போட்டுக் கொண்டுபோய்க் கையில குடுத்தன். கவலைப்படாதேங்கோ ஹென்ரிக், இன்னும் ரெண்டு பிடி கூடச் சாப்பிட்டிருந்தா இருபதுக்குள்ள வந்திருப்பான், எல்லாம் என்ர பிழைதான் எண்டன். அவர் என்னைப் பாத்தார். பிறகு அந்தப் பனிக்குள்ள நிண்டபடியே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடிச்சார்.